பேஸ்பால் குளிர்காலத்தைக் கடப்பது எப்படி: டிரேடு வதந்திகளிடம் ஏமாந்தவனின் வழிகாட்டி

2014 ஜூலை 31. செயின்ட் லூயிஸில் அலுவலகக் காபி இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு தொலைபேசியைப் பார்த்தேன். எங்கள் ஊர் அணியின் பேட்டர் ஆலன் கிரெய்க் வேறு அணிக்குப் போய்விட்டார். கார்டினல்ஸ் அணி அவரையும் ஜோ கெல்லி என்ற பிட்சரையும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஜான் லேக்கி என்ற 35 வயதுப் பிட்சரை வாங்கியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. முந்தைய இலையுதிர்காலத்தில்தான் நூறு டாலருக்கு மேல் கொடுத்து கிரெய்க் பெயர் பொறித்த ஜெர்சி வாங்கியிருந்தேன். நெருக்கடியில் அடிப்பதற்கென்றே பிறந்தவர் என்று ஊரே அவரைக் கொண்டாடிய நேரம் அது.

பக்கத்து மேசைக்காரர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லேக்கியின் ஒப்பந்தத்தைப் படித்தாயா?" என்று மட்டும் கேட்டார். படித்திருக்கவில்லை. அன்று மாலைதான் தேடிப் படித்தேன். முழங்கைக் காயத்தால் லேக்கி நீண்ட நாள் ஆடாமல் போனால், 2015ஆம் ஆண்டுக்கு அவரை லீகின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. 2012 முழுவதும் அவர் முழங்கை அறுவைச் சிகிச்சையால் ஆடவில்லை. ஆகவே ஷரத்து உயிர்பெற்றுவிட்டது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்க வேண்டிய பிட்சர், சுமார் 5 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளத்துக்கு 2015ல் 218 இன்னிங்ஸ் வீசினார். நான் முகத்தைப் பார்த்து ஜெர்சி வாங்கினேன். அணி நிர்வாகம் காகிதத்தைப் பார்த்து ஆள் வாங்கியது.

அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஆட்டத்தின் விதிகள் உங்களுக்கு ஓரளவு தெரியும், வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடர் முடிந்த பிறகு ஆரம்பிக்கும் கூச்சல்தான் புரியவில்லை என்றால், இது உங்களுக்கானது.

1. செய்தியைப் படிக்கும் முன் கேலண்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே முதலில் தடுமாறுவது இதில்தான். இங்கே ஏலமும் கிடையாது, சுத்தியலும் கிடையாது. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை, நாலு மாதம், எப்போது வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் இடம் மாறலாம். ஆனால் சில நாள்களில் மட்டும் அணிகள் கட்டாயம் முடிவெடுத்தாக வேண்டும். அந்த நாள்களைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி வதந்திகளை ஒதுக்கிவிடலாம்.

வேர்ல்டு சீரிஸ் முடிந்த மறுநாளே டிரேடுகள், அதாவது அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வது, தொடங்கலாம். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் ஐந்து நாள் கழித்து வேறு அணியில் கையெழுத்திடலாம். அந்த ஐந்து நாளுக்குள் பழைய அணி தன் நல்ல வீரர்களுக்கு 'குவாலிஃபையிங் ஆஃபர்' என்ற ஓராண்டு ஒப்பந்தத்தை நீட்டலாம். 2025 குளிர்காலத்தில் அதன் தொகை 2 கோடியே 20 லட்சத்து 25 ஆயிரம் டாலர். வீரர் மறுத்துவிட்டு வேறு அணிக்குப் போனால், வாங்கும் அணி டிராஃப்டில், அதாவது புது இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில், தன் இடங்கள் சிலவற்றை இழக்கும். 'இவ்வளவு நல்ல வீரரை ஏன் ஜனவரி வரை யாரும் தொடவில்லை?' என்று நீங்கள் வியக்கும்போது, அவர் இந்த ஆஃபரை மறுத்தவரா என்று முதலில் பாருங்கள்.

நவம்பர் 20ஐ ஒட்டி 40 பேர் பட்டியலை, அதாவது வேறு அணி தூக்கிக்கொண்டு போகாதபடி அணி தனக்கென்று வைத்துக்கொள்ளும் வீரர்களை, இறுதி செய்யும் நாள் வரும். நன்றி நவிலும் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, யாருக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தரப்போவதில்லை என்று அணிகள் அறிவிக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் 'வின்டர் மீட்டிங்ஸ்'. 2023ல் நாஷ்வில், 2024ல் டாலஸ், 2025ல் ஒர்லாண்டோ. எல்லா அணி நிர்வாகிகளும், ஏஜென்ட்களும், நிருபர்களும் ஒரே ஹோட்டலில் தங்கும் சில நாள்கள் அவை. கல்யாண மண்டபத்தில் சம்பந்தம் பேசுவதுபோல, அங்கே பேசப்படுவது நிறைய, நிச்சயமாவது கொஞ்சம். ஜனவரி இரண்டாம் வாரத்தில் சம்பள நடுவர் மன்றத்துக்கு இரு தரப்பும் தொகை எழுதிக் கொடுப்பார்கள். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் பயிற்சி முகாமுக்கு வந்துவிடுவார்கள்.

இந்தியாவிலிருந்து பின்தொடர்பவர்களுக்கு ஒரு குறிப்பு. குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்கு நேரம் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே இரவு எட்டு மணிக் கெடு என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. கண்விழிக்க வேண்டாம், காலை காபியோடு பார்த்தால் போதும்.

2. நான்கு பக்கங்கள் போதும், காசு வேண்டாம்

ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் சந்தா கட்டினேன். அதில் ஒன்று தானாகவே புதுப்பித்துக்கொண்டதால், திறந்துகூடப் பார்க்காத ஒரு தளத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் காசு கட்டியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியவை இலவசமாகவே கிடைக்கின்றன: லீகின் அதிகாரப்பூர்வப் பரிவர்த்தனைப் பட்டியல், உங்கள் அணியின் 40 பேர் பட்டியல், ஒவ்வொரு வீரரின் ஒப்பந்த விவரம், அணியின் மொத்தச் சம்பளக் கணக்கு.

முதலாவதுதான் நீதிபதி. அதில் ஏறாத எதுவும் நடக்கவில்லை.

நான்காவதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் ஒரு வரிக் கோடு உண்டு. 2025ல் அது 24.1 கோடி டாலர், 2026ல் 24.4 கோடி. அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு முதல் ஆண்டு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் தாண்டினால் 30, மூன்றாம் ஆண்டு 50 சதவீதம் வரி. பெரும் மீறலுக்கு அதற்கு மேலும் கூடுதல் வரி உண்டு. கவனியுங்கள்: வரிக்குக் கணக்கெடுப்பது அந்த ஆண்டு கையில் கொடுக்கும் பணத்தை அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை. ஷோஹெய் ஓட்டானி 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸுடன் செய்துகொண்ட 10 ஆண்டு, 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அவர் ஆண்டுதோறும் கையில் வாங்குவது 20 லட்சம் டாலர்தான். மீதி 68 கோடியும் 2034 முதல் 2043 வரை வரும். பின்னால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டால், வரிக்கான தொகை ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடி. தலைப்பில் 70 கோடி, கையில் 20 லட்சம், வரிக் கணக்கில் 4.6 கோடி. மூன்றும் ஒரே ஒப்பந்தம்தான். எது எந்தக் கேள்விக்கான விடை என்று தெரியாமல் விவாதத்தில் இறங்கினால் நான் வாங்கியதுபோல வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

3. வீரரின் பெயரை விடுங்கள், மிச்சமிருக்கும் ஆண்டைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் அது ஓராண்டுச் சேவை. பருவம் சுமார் 187 நாள் நீளும். முதல் மூன்று ஆண்டு சேவைவரை அணி நினைத்ததுதான் சம்பளம், பெரும்பாலும் குறைந்தபட்சத்தை ஒட்டியே இருக்கும். 2026ல் அது 7.8 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டு நடுவர் மன்றம். அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்வார், மன்றம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் ஒரு தொகைக்கு வழியே இல்லை. ஆறு ஆண்டு முடிந்தால் வீரர் சுதந்திரப் பறவை.

இதை வைத்து அணிகள் எப்படி விளையாடும் என்பதற்கு கிரிஸ் பிரயன்ட் சாட்சி. 2015 பயிற்சி முகாமில் ஒன்பது ஹோம் ரன் அடித்த அவரை சிகாகோ கப்ஸ் கீழ்நிலையான மைனர் லீகுக்கு அனுப்பியது. ஏப்ரல் 17 அன்று மேலே கூப்பிட்டது. பருவ முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! அந்த ஒரு நாளால் அவர் இன்னும் ஓராண்டு கப்ஸுக்குக் கட்டுப்பட்டார். முறையிட்டார், 2020ல் தோற்றார்.

இனி ஜுவான் சோட்டோவின் கதையைப் பாருங்கள். 2022 ஆகஸ்ட் 2 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை சான் டியேகோ பாட்ரேஸுக்குக் கொடுத்தது. சோட்டோவுக்கு வயது 23, கட்டுப்பாட்டில் இரண்டரைப் பருவம் மிச்சம். விலை: சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஹார்லின் சுசானா என்று ஐந்து இளம் வீரர்கள், அவர்களோடு அனுபவசாலி ஒருவர். 2023 டிசம்பரில் பாட்ரேஸ் அதே சோட்டோவை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றபோது மிச்சமிருந்தது ஒரே பருவம். அதற்குக் கிடைத்தது நான்கு பிட்சர்களும் ஒரு கேட்சரும். நல்ல பிட்சர்கள்தான், ஆனால் முந்தைய விலையின் பக்கத்தில்கூட வராது. 2024 பருவத்தோடு அந்தக் கட்டுப்பாடும் முடிந்தது. டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது, எந்த இளம் வீரரையும் கொடுக்கவில்லை.

அதே மட்டை, அதே கண். மாறியது காகிதம் மட்டும்.

ஆகவே 'இவரைக் கொடுத்தால் அவரைத் தருவார்களா?' என்று கணக்குப் போடும் முன் இருவருக்கும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்று: பத்து ஆண்டு சேவை, அதில் கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியில் என்றால், அந்த வீரரை அவர் சம்மதமின்றி அனுப்ப முடியாது. கூடைப்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சில கூடுதல் இடங்களைத் தவிர இங்கே டிராஃப்ட் இடங்களை டிரேடு செய்ய முடியாது. 'இரண்டு முதல் சுற்று இடங்களுக்கு' என்று யாராவது எழுதினால் அவருக்கு விதி தெரியாது.

4. வதந்தியில் வினைச்சொல்லை மட்டும் படியுங்கள்

'விசாரித்தது' என்றால் ஒன்றுமில்லை. ரங்கநாதன் தெருவில் விலை கேட்பவர்கள் எல்லாம் வாங்கவா செய்கிறார்கள்? முப்பது அணிகளும் எல்லோரையும் விசாரிக்கும், அது அவர்கள் வேலை. 'ஆர்வம் காட்டுகிறது' என்பது பெரும்பாலும் வீரரின் ஏஜென்ட் தரப்பிலிருந்து கசிவது. நாலு அணி போட்டி போடுகிறது என்று செய்தி வந்தால் ஐந்தாவது அணி விலையை ஏற்றும். 'பெயர் தெரியாத ஒரு அணியும் களத்தில் இருக்கிறது' என்று வந்தால் அன்றைக்குத் தொலைபேசியை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். 'நெருங்கிவிட்டது' என்ற சொல்லுக்குத்தான் கொஞ்சம் மதிப்பு உண்டு. அதையும் இரண்டு வெவ்வேறு நிருபர்கள், ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டாமல், தனித்தனியே சொல்ல வேண்டும்.

பெரிய நிருபர்களுக்கும் சறுக்கும். 2022 டிசம்பர் 6 அன்று, வின்டர் மீட்டிங்ஸ் நடந்துகொண்டிருந்தபோது, அனுபவம் மிக்க ஒரு நிருபர் ஆரன் ஜட்ஜ் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் போகிறார் என்று பதிவிட்டார். அவசரத்தில் 'ஆர்சன் ஜட்ஜ்' என்று அடித்துவிட்டார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தீவைப்பு என்று பொருள்! சில நிமிடங்களில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றார். மறுநாள் ஜட்ஜ் 9 ஆண்டு, 36 கோடி டாலருக்கு யாங்கீஸிலேயே இருந்துவிட்டார்.

அதைவிடப் பெரிய கூத்து அடுத்த ஆண்டு. 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. ஓட்டானி டொரொண்டோவுக்கு விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார் என்று ஒரு செய்தி. தெற்குக் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்ட ஒரு தனியார் ஜெட்டை ஆயிரக்கணக்கானோர் வரைபடத்தில் பின்தொடர்ந்தார்கள். ஒத்துக்கொள்கிறேன், நானும் ஒருவன். அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, மேசைக்கடியில் தொலைபேசியை வைத்து, ஒரு சின்ன விமானப் படம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் இறங்கியது, கதவு திறந்தது. வந்தவர் ஒரு கனடியத் தொழிலதிபர், குடும்பத்தோடு. ஓட்டானி மறுநாள் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் டாட்ஜர்ஸின் சின்னத்தைப் போட்டார்.

5. மருத்துவப் பரிசோதனை முடியும்வரை இனிப்பு வாங்காதீர்கள்

'உடன்பாடு எட்டப்பட்டது' என்ற செய்திக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு மருத்துவர் நிற்கிறார். கார்லோஸ் கொரேயா 2022 டிசம்பரில் ஜயன்ட்ஸுடன் 13 ஆண்டு, 35 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டார். அவரை அறிமுகப்படுத்தும் செய்தியாளர் சந்திப்பு டிசம்பர் 20க்கு ஏற்பாடாகியிருந்தது. சில மணி நேரம் முன்னால் ரத்து. மைனர் லீக் காலத்தில், 2014ல், காலில் நடந்த அறுவைச் சிகிச்சைதான் தடையாக நின்றது. அன்றிரவே மெட்ஸ் 12 ஆண்டு, 31.5 கோடி என்றது. அவர்கள் மருத்துவர்களும் அதே காலைப் பார்த்துத் தயங்கினார்கள். கடைசியில் ஜனவரியில் பழைய அணியான மினசோட்டா ட்வின்ஸில் 6 ஆண்டு, 20 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஒரு மாதத்தில் ஒரு கணுக்காலின் விலை 15 கோடி டாலர்.

டிரேடுகளுக்கும் இதே கதிதான். குளிர்காலக் கதை இல்லை என்றாலும் வில்மர் ஃப்ளோரஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2015 ஜூலை 29, நியூயார்க். மெட்ஸ் அவரை மில்வாக்கி பிரூவர்ஸுக்கு அனுப்பிவிட்டது என்று ஆட்டத்தின் நடுவில் செய்தி பரவியது. பார்வையாளர்கள் கைகளில் தொலைபேசி. அவர் மட்டையோடு வந்தபோது எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். 16 வயதிலிருந்து அந்த அணியையே வீடாக நினைத்த பையன், அடுத்த இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றபடி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலாளருக்கோ ஒன்றும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் நிர்வாகம் சொன்னது: டிரேடு இல்லை. பதிலுக்கு வரவேண்டிய கார்லோஸ் கோமெஸின் இடுப்பு பற்றி சந்தேகம். இரண்டு நாள் கழித்து 12வது இன்னிங்ஸில் ஃப்ளோரஸ் ஆட்டத்தை முடிக்கும் ஹோம் ரன் அடித்துவிட்டு, மார்பிலிருந்த அணியின் பெயரைப் பிடித்துக் காட்டியபடி ஹோம் பேஸுக்கு வந்து சேர்ந்தார்.

விதி: பரிவர்த்தனைப் பட்டியலில் ஏறுகிறவரை யாரையும் வழியனுப்பாதீர்கள்.

6. இளம் வீரர் பட்டியலைப் படிக்கும் முறை

'பிராஸ்பெக்ட்' என்று அவர்கள் சொல்வது மேஜர் லீகில் இன்னும் கால் ஊன்றாத இளம் வீரரை. தேர்வாளர்கள் அவர்களுக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி. நம் ஊர்ப் பரீட்சை நினைப்பில் 50ஐப் பார்த்து ஏமாற வேண்டாம். மைனர் லீகில் ஆடும் பையனுக்கு 50 என்பது பெரிய பாராட்டு. 80 என்பது அபூர்வம்.

பத்திரிகைகள் போடும் முதல் 100 பிராஸ்பெக்ட் பட்டியலில் இருக்கும் பெயர் கைமாறினால் உடனே யார் ஜெயித்தார் என்று தீர்ப்புச் சொல்லத் துடிப்போம். பொறுங்கள், குறைந்தது மூன்று ஆண்டு. 2020ல் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்த பாஸ்டனுக்கு வந்தவர்களில் ஜீட்டர் டவுன்ஸ் என்ற பட்டியல் வீரர் ஒருவர். பாஸ்டனுக்காக அவர் ஆடியது 14 ஆட்டம். அதற்கு நேர் எதிர், 2015 டிசம்பர்: ஷெல்பி மில்லர் என்ற பிட்சருக்காக அரிசோனா டைமண்ட்பேக்ஸ், ஆறு மாதம் முன்புதான் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த டான்ஸ்பி ஸ்வான்சனையும் இன்னும் இருவரையும் அட்லாண்டாவுக்குத் தூக்கிக் கொடுத்தது. 2021ல் அட்லாண்டா வேர்ல்டு சீரிஸ் வென்றபோது ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவர் ஸ்வான்சன். சோட்டோவுக்கு விலையாகப் போனவர்களில் ஏப்ரம்ஸ் 2024லும், கோரும் வுட்டும் 2025லும் ஆண்டின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். மற்ற இருவரிடமும் இதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

பத்திரிகைகள் போடும் பட்டியலைவிட எனக்குப் பிடித்தது நவம்பர் பட்டியல். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பிறகோ வந்தவரை நான்கு பருவத்துக்குள்ளும் 40 பேர் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் 'ரூல் 5' டிராஃப்டில் வேறு அணி ஒரு லட்சம் டாலர் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அடுத்த பருவம் முழுக்க மேஜர் லீக் பட்டியலிலேயே அவரை வைத்திருக்க வேண்டும். அப்படி 1999ல் கைமாறிய யோஹான் சான்டானா பின்னாளில் இரண்டு முறை லீகின் சிறந்த பிட்சர் விருது வாங்கினார். யாருக்கு அணி இடம் ஒதுக்குகிறது, யாரை அம்போவென்று விடுகிறது என்பதில் அதன் உண்மையான அபிப்பிராயம் தெரிந்துவிடும். பேட்டியில் எல்லோரையும்தான் புகழ்வார்கள்.

7. 'கிளட்ச்' சண்டைக்குள் கால் வைக்கும் முன்

ஜனவரியில் செய்தி வற்றிப்போகும். அப்போது ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் இந்தச் சண்டை மூளும்: 'கிளட்ச்', அதாவது நெருக்கடியில் அடிப்பது, தனித் திறமையா, வெறும் தற்செயலா? கடைசி ஓவர் தோனியைப் பார்த்து வளர்ந்த நமக்கு விடை தெரியும் என்ற நினைப்பு இருக்கும். எனக்கும் இருந்தது. அதுதான் ஜெர்சிக்குக் காரணம்.

கிரெய்க்கின் கணக்கையே பிரித்துப் பார்ப்போம். 2013ல், இரண்டாவது அல்லது மூன்றாவது பேஸில் ஆள் இருந்தபோது அவர் சராசரி .454. அதாவது 130 வாய்ப்பில் 59 ஹிட். (கிரிக்கெட் சராசரி வேறு, இது வேறு. இங்கே ஹிட்களை வாய்ப்புகளால் வகுப்பது மட்டும்தான்.) அந்த ஆண்டு அவரது மொத்தச் சராசரி .315. அதன்படி 130 வாய்ப்பில் 41 ஹிட் வந்திருக்க வேண்டும். வித்தியாசம் 18 ஹிட். காயம்பட்டு வெளியேறும்வரை ஆடிய ஐந்து மாதத்தில் பதினெட்டு! மாதத்துக்கு மூன்று நான்கு பந்து ஆள் இல்லாத இடத்தில் விழுந்த கதை அது. .250 அடிக்கும் ஒரு சாதாரண பேட்டர் 130 வாய்ப்பில் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே .210க்கும் .290க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். மூன்று பருவத்தில் ஒன்றில் அதற்கும் வெளியே போவார்.

அந்த ஆண்டு கார்டினல்ஸ் அணி மொத்தமுமே அப்படிப்பட்ட நேரங்களில் .330 அடித்தது, சாதனை. பிறகு வேர்ல்டு சீரிஸில் ஆறு ஆட்டத்தில் மொத்தம் 14 ரன். அடுத்த ஆண்டு, பெரும்பாலும் அதே ஆட்கள், அதே நிலைமை: .260ஐக்கூடத் தொடவில்லை. கிரெய்க் 2014ல் மொத்தமாக .215. அவருக்குப் பாதத்தில் காயம் இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் நெருக்கடித் திறமை என்று நான் காசு கொடுத்து வாங்கியது காயத்துக்கு முன்பே ஆவியாகக்கூடிய சரக்கு.

எதிர்த் தரப்பு உடனே பாஸ்டனின் டேவிட் ஓர்டீஸைக் கொண்டுவரும். கொண்டுவரட்டும். 2013 அக்டோபர், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், பாஸ்டன் நான்கு ரன் பின்தங்கியிருக்கிறது, எல்லா பேஸிலும் ஆள். ஓர்டீஸ் அடித்த பந்து வலது வேலியைத் தாண்டுகிறது. துரத்தி வந்த டோரி ஹண்டர் வேலிக்கு அந்தப் பக்கம் தலைகீழாக விழுகிறார், கால்கள் மட்டும் ஆகாயத்தில். அவருக்குப் பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர் இரு கைகளையும் உயர்த்திக் கொண்டாடுகிறார். அந்தப் படத்தை மறக்க முடியாது. சரி, அந்தத் தொடர் முழுவதும் ஓர்டீஸ் எவ்வளவு அடித்தார்? 22 வாய்ப்பில் 2 ஹிட், .091. அடுத்த வாரம் எங்கள் கார்டினல்ஸுக்கு எதிராக 16ல் 11, .688. ஒரே மனிதர், ஒரே அக்டோபர், இரண்டுமே நெருக்கடிதான். எதை அவர் 'குணம்' என்பீர்கள்?

யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் இன்னும் நல்ல உதாரணம். வாழ்நாள் சராசரி .310. பருவம் முடிந்தபின் வரும் பிளேஆஃப் ஆட்டங்கள் 158, கிட்டத்தட்ட ஒரு முழுப் பருவம், அதில் .308. அவர் நெருக்கடியில் உயரவில்லை, மாறாமல் இருந்தார். எதிரில் நின்றவர்கள் லீகின் சிறந்த பிட்சர்கள் என்பதை நினைத்தால் அதுவே பெரிய விஷயம் என்பேன்.

ஆய்வுத் தரப்பில் இரண்டே பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். 1977ல் டிக் கிரேமர் 1969, 1970 இரு ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டு, முதல் ஆண்டு நெருக்கடியில் அடித்தவர்கள் மறு ஆண்டும் அடித்தார்கள் என்று காட்ட எதுவும் இல்லை என்றார். நெடுங்காலம் அதை ஏற்றுவந்த பில் ஜேம்ஸ், 2000களில் ஒரு திருத்தம் சொன்னார்: ஒவ்வொரு ஆண்டுக் கணக்கிலும் தற்செயல் இவ்வளவு இருக்கும்போது, இரண்டை ஒப்பிட்டுத் திறமை இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை என்பதால் ஆளே இல்லை என்று ஆகிவிடாது. என் நிலை இதுதான்: ஏதோ ஒரு சிறு திறமை இருக்கலாம். ஆனால் அதற்காக நான் அணியின் முதலாளியாக இருந்தால் ஒரு டாலர்கூடக் கூடுதலாகத் தரமாட்டேன்.

நடைமுறைக்கு ஒன்று. புள்ளிவிவரத் தளங்களில் 'கிளட்ச்' என்றே ஒரு பத்தி இருக்கும். அது ஒரு வீரரை மற்றவர்களோடு ஒப்பிடுவதில்லை, அவரை அவரோடே ஒப்பிடுகிறது. சாதாரண நேரத்தில் அடித்ததைவிட முக்கியமான நேரத்தில் எவ்வளவு கூடுதல் என்பதுதான் அந்த எண். ஆகவே எப்போதும் பிரமாதமாக அடிக்கும் ஒருவருக்கு அதில் பூஜ்யத்துக்குக் கீழே வரலாம். அதைக் காட்டி 'இவர் பயந்தாங்கொள்ளி' என்று யாராவது வாதாடினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

8. 2026 டிசம்பர் 1ஐச் சிவப்பு மையால் குறியுங்கள்

வீரர் சங்கத்துக்கும் லீகுக்கும் இடையிலான ஒப்பந்தம் அன்று முடிகிறது. முந்தைய முறை முடிந்தபோது, 2021 டிசம்பர் 2 முதல் 2022 மார்ச் 10 வரை, 99 நாள் கதவடைப்பு. டிரேடு இல்லை, கையெழுத்து இல்லை, அணியும் வீரரும் பேசிக்கொள்ளவே கூடாது. லீகின் தளத்தில் வீரர்களின் புகைப்படங்களைக்கூட எடுத்துவிட்டு, சாம்பல் நிறத்தில் ஆளில்லாத நிழல் தலைகளைப் போட்டுவைத்திருந்தார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய வாரம் திருவிழா. கெடுவுக்குள் முடித்துவிடும் அவசரத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மட்டும் கோரி சீகருக்கு 32.5 கோடி, மார்கஸ் செமியனுக்கு 17.5 கோடி என்று ஒரே மூச்சில் 50 கோடி டாலரை எழுதியது. அதனால் 2026ல் வின்டர் மீட்டிங்ஸுக்காகக் காத்திருக்காதீர்கள். நவம்பர் கடைசி வாரத்தில் விடுப்பு கிடைத்தால் எடுத்துவையுங்கள். ஏதாவது சந்தா கட்டியே தீர்வது என்று இருந்தால் மாதக் கணக்கில் கட்டுங்கள், நவம்பர் 30 அன்று முடியும்படி.